ஏஎல்பி: படிப்பைவிட என்னைப் படுத்தியது கண்ணும் காகிதமும்

கண் சான்றிதழை மூன்றாவது முறை பார்த்தபோதுதான் கவனித்தேன். ‘ஃபாகிங் டெஸ்ட்’ என்ற இடம் காலியாக இருந்தது. கீழே கையெழுத்து இருந்தது, ஆனால் டாக்டருடையது இல்லை. கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவர் போட்டது. மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திங்கள் இரவு எனக்கு ரயில், செவ்வாய் காலை தேர்வு.

ரயில் ஓட்டுநருக்கு உதவியாளரான அசிஸ்டென்ட் லோகோ பைலட் (ஏஎல்பி) வேலைக்கு ரயில்வே நடத்தும் தேர்வின் மூன்றாவது கட்டமான ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்கு, அதாவது சிபிஏடிக்கு, கண் பார்வைச் சான்றிதழின் அசலைக் கையில் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் எழுத முடியாது. முதல் இரண்டு தேர்வுக்காக ஒரு வருடத்துக்கு மேல் ராத்திரி பகலாகப் படித்ததெல்லாம் அந்த ஒரு தாளில் வந்து நின்றது.

இத்தனைக்கும் நான் கடைசி நேரத்தில் ஓடியவன் இல்லை. பத்து நாள் முன்பே பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கவுன்டரில் இருந்தவர், “ரயில்வே சர்டிபிகேட்டா? தெனமும் நாலு பேரு வாராங்க தம்பி” என்றார். முதலில் தங்கள் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்கள். அது செல்லாது, அறிவிப்பில் இருக்கிற படிவத்திலேயே வேண்டும் என்று பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி, உறையில் போட்டு ஒட்டித் தந்தார்கள். அங்கேயே பிரித்து வரி வரியாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். டாக்டர் வெளியூரில் கண் முகாமுக்குப் போயிருக்கிறார், ராத்திரிதான் வருவார் என்றார்கள். அதே கவுன்டர்க்காரர், “அப்படியே கொண்டு போங்க, யாரு இதையெல்லாம் பாக்கப் போறா” என்றார். எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் அடக்க முடியவில்லை. அவருக்கு அது ஒரு தாள். என் பத்தாம் வகுப்பிலிருந்து எங்கள் வீடே காத்திருந்த வேலை எனக்கு.

பஸ் பிடித்துத் திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். ரத வீதிப் பக்கம் ஒரு வயதான டாக்டரம்மா இருக்கிறார் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். வரிசையில் எனக்கு முன்னால் முப்பது பேர். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டுவிட்டார். கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக 6/6, கிட்டப் பார்வை, புள்ளிகளுக்குள் எண் தேடும் நிறப் பார்வை, எல்லாவற்றையும் அவரே பார்த்தார். ஃபாகிங் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கண் முன்னால் +2 பவர் லென்ஸ் வைத்துவிட்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். நல்ல கண்ணுக்கு அப்போது மங்கலாகத் தெரிய வேண்டும். அந்த லென்ஸோடும் பளிச்சென்று தெரிந்தால், பிளஸ் பவர் கண்ணாடி தேவைப்படும் குறையைக் கண் இத்தனை நாள் தானே சமாளித்து வந்திருக்கிறது என்று அர்த்தம்; தேற முடியாது. எனக்கு மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு மங்கலை நான் பார்த்ததில்லை.

பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழும்படி முத்திரை வைத்து, பதிவு எண் எழுதி, மதியம் இரண்டரைக்குத் தந்தார். வழக்கமான ஃபீஸ் மட்டும்தான் வாங்கினார். இரவு ரயிலேறிவிட்டேன்.

சிபிஏடி பற்றி இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஞாபகம், கட்டளைப்படி செய்தல், ஆழம் கணிப்பது, கவனம், வேகமாகக் கண்டுபிடிப்பது என்று ஐந்து சோதனைகள். ஐந்திலும் தனித்தனியாக டி-ஸ்கோர், அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மார்க், 42 எடுக்க வேண்டும். நான்கில் எவ்வளவு அள்ளினாலும் ஒன்றில் விட்டால் போச்சு, எந்தப் பிரிவினருக்கும் இதில் சலுகை இல்லை. இரண்டாவது, முந்தைய தேர்வுகளைத் தமிழில் எழுதலாம். இது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழியில் படித்தவர்கள், ‘கட்டளைப்படி செய்தல்’ பகுதியின் ஆங்கில வாக்கியங்களை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். கேள்வி கஷ்டமில்லை. வாக்கியத்தைப் புரிந்துகொள்வதற்குள் நேரம் போய்விடுகிறது.

இப்போது என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதவே அவன்தான் காரணம்.

ஐடிஐயில் இரண்டு வருடம் பக்கத்துப் பெஞ்சு. என்னைவிட நன்றாகப் படிப்பான். கண்ணாடி போட்டிருந்தான், பெரிய பவர் இல்லை. கண்ணாடியோடு லோகோ பைலட் ஆக முடியாது என்று தெரிந்ததும், யாரோ லேசர் சிகிச்சை செய்துகொள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அம்மா சங்கிலியை அடகு வைத்து லேசிக் செய்தார்கள். “மாப்ள, கண்ணாடிய எறிஞ்சாச்சு லேய்” என்று அவன் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. முதல் தேர்விலும் இரண்டாம் தேர்விலும் என்னைவிட மார்க் அதிகம்.

லேசிக் செய்தவர்கள் இந்தப் பதவிக்குத் தகுதியில்லை. அறிவிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்தோம். வயது, ஃபீஸ், பாடத்திட்டம், எத்தனை இடம் என்பதைப் பார்த்தோம். முதலில் 5,696 இடம் என்றார்கள், பிறகு 18,799 ஆக்கினார்கள். அதைப் பார்த்துத் துள்ளினோம். மருத்துவத் தகுதிப் பக்கத்தை இரண்டு பேரும் படிக்கவில்லை. ‘ஏ-1’ என்று போட்டிருந்ததை ஏதோ கிரேடு என்று நினைத்துத் தாண்டிவிட்டோம். ரயில்வேயில் கண்ணுக்கு இருப்பதிலேயே கடுமையான தரம் அதுதான்.

சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். “இது மொதல்லயே போட்டிருந்துச்சா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

சிலர், மறைத்துச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று அவனிடம் சொன்னார்கள். ரயில்வே மருத்துவமனையில் கருவியை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் அதைச் செய்யவில்லை. கண்ணாடி போட்டவர்களையும் எடுக்கிற வேறு பதவிகள் ரயில்வேயில் உண்டு, அதற்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தச் சங்கிலி இன்னும் மீட்கப்படவில்லை. புத்தகம் வாங்கும் முன், கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன், ஒரு கண் டாக்டரிடம் போய் ஏ-1 தரத்துக்குப் பாருங்கள். கண்ணில் கத்தியோ லேசரோ படும் முன் பாருங்கள்.

காகிதக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் 17 வெள்ளம் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அன்று ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நிறுத்தப்பட்டது, 800 பேர் வரை அதில் இருந்தார்கள். செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையில் அடியில் கிடந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். “எய்யா, பெட்டிய எடுக்க மறந்துட்டமே” என்று அம்மா சொன்னபோது கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டி முழுகியிருந்தது. சான்றிதழெல்லாம் லேமினேட் செய்ததுதானே என்று தைரியமாக இருந்தோம். ஓரத்தில் விலகியிருந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. நான் அவசரப்பட்டுப் பிளாஸ்டிக்கை உரித்தேன். மார்க்குகள் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டன. நனைந்த லேமினேஷனை உரிக்காதீர்கள். அசல் சான்றிதழை லேமினேட் செய்யவும் வேண்டாம், கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க, படித்த பள்ளிக்கு நான்கு முறை நடந்தேன். முதல் முறை தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை கிளார்க், “ஊரே நனைஞ்சு கெடக்கு, உனக்கு மட்டும் என்ன அவசரம்?” என்றார். அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்கலாம், அதனால் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் முறை என் விண்ணப்பமே அங்கே இல்லை. நான்காம் முறை விண்ணப்பத்தோடு அதன் ஜெராக்ஸ் ஒன்றையும் நீட்டி, ஜெராக்ஸில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது. எங்கே எதைக் கொடுத்தாலும் ஜெராக்ஸில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஓபிசி சான்றிதழும் அலைய வைத்தது. நம் கையில் இருக்கிற பிசி சாதிச் சான்றிதழ் மாநில வேலைக்கு. மத்திய அரசு வேலைக்கு ஓபிசி ‘நான்-கிரீமி லேயர்’ சான்று, அதாவது வசதியான பிரிவில் வரவில்லை என்கிற சான்று, தனியாக வேண்டும். “ஒங்கிட்டதான் சாதிச் சான்று இருக்கே, எதுக்கு இன்னொண்ணு?” என்று தாலுகா அலுவலகத்தில் ஒருவர் திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை அறிவிப்பின் அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, கோடு போட்டுக் கொண்டுபோனேன். பெயரும் பிரச்சினை. மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஒத்து மாற்றிவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் என் கோப்பைப் புரட்டியவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு வருட அலைச்சல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் இருட்டறை ஒன்று உண்டு. தூரத்தில் ஒரு விளக்கிலிருந்து சின்னப் பொட்டாக வெளிச்சம் வரும், நிறத்தைச் சொல்ல வேண்டும். எட்ரிட்ஜ் கிரீன் லேன்டர்ன் என்று பெயர். சிவப்பு, பச்சை, பச்சை, மஞ்சள். நிதானமாகச் சொல்லுங்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், செல்போனை நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகும் இது விடாது: 45 வயது வரை நான்கு வருடத்துக்கு ஒரு முறை, பிறகு 55 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பின் வருடாவருடம்.

பயிற்சி திருச்சியில். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சரி. ரூல்ஸ் கிளாஸ்தான் முதல் வாரத்தில் மிரட்டியது. புத்தகம் ஆங்கிலம், சிக்னல் விதிகளை வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்தவர்கள் தமிழில் விளக்கினார்கள், நான் ஒரு நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதி வைத்தேன்.

யார்டில் நடந்த ஒன்றை மறக்க முடியாது. லோகோவை, அதாவது இன்ஜினை, சரக்கு வேகன்களோடு இணைத்து, காற்று போகும் பிரேக் பைப்பை மாட்டினேன். கேபினில் காற்றழுத்த மீட்டர் சரியாக 5 கிலோ காட்டியது. முடிந்தது என்று கை காட்டினேன். எங்களைப் பார்த்துக்கொண்ட இன்ஸ்பெக்டர், “கடைசி வண்டி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வாப்பா” என்றார். உச்சி வெயில். 700 மீட்டர் இருக்கும். பின்னால் கடைசிப் பெட்டியான பிரேக் வேனின் மீட்டரில் முள் அசையவே இல்லை. வேகன் பக்கத்துக் குழாயின் வால்வை (‘ஆங்கிள் காக்’ என்பார்கள்) நான் திறக்கவில்லை. லோகோவின் குழாயில் மட்டும் காற்று நிறைந்து, மீட்டர் எனக்கு நல்லதாகக் காட்டியிருக்கிறது. அப்படியே கிளம்பியிருந்தால் பின்னால் ஒரு வேகனிலும் பிரேக் பிடிக்காது. திரும்பி வந்தபோது அவர் திட்டவில்லை. “மீட்டர் ஒனக்கு முன்னாடி இருக்கிறத மட்டும்தான் சொல்லும்” என்றார். இப்போது ஒவ்வொரு முறையும் அந்த வால்வைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

லைன் பயிற்சியில் கூட வந்த லோகோ பைலட் ஐயா அதிகம் பேசாதவர். சிக்னல் தெரிந்ததும் அவர் நிறத்தைச் சொல்வார், நான் கையை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். அரை விநாடி தாமதித்தாலும் திரும்பிப் பார்ப்பார். நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு கன்ட்ரோலைத் தொடவில்லையென்றால் விளக்கு மின்னி, பஸ்ஸர் கத்தி, வண்டி தானே நின்றுவிடும் என்பதைக் கிளாஸில் படித்திருந்தேன். கேபினில் உட்கார்ந்தபோதுதான், கண்ணைத் தண்டவாளத்திலிருந்து எடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

ஒரு நாள் திருச்செந்தூர் வண்டி. செய்துங்கநல்லூர் தாண்டி, தாதன்குளமும் தாண்டியாயிற்று. புது ஜல்லி போட்டு உயர்த்திய கரை, இரண்டு பக்கமும் நெல் வயல். நான் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

“எந்த ஊரு?” என்றார்.

“இங்கதான் ஐயா. அந்தப் பனை தெரியுதுல்ல, அதுக்குப் பின்னாடி.”

“வெள்ளத்துல வீடு?”

“இருக்கு ஐயா.”

“சரி, சிக்னலப் பாரு.”

பச்சை என்றேன்.