காணியும் கடதாசியும்

2009 மே மாதத்தில் இலங்கையில் போர் முடிந்த பிறகு தமிழரின் உரிமைப் போராட்டம் எங்கே போயிற்று என்று, விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த உறவினர்கள் கேட்பதுண்டு. பிரதேச செயலகங்களின் வாங்குகளிலும் நீதிமன்ற வளாகங்களிலும் படைமுகாம்களின் வாசல்களிலும் அது நடந்துகொண்டிருக்கிறது என்பதே என் விடை. அரசியல் தீர்வு பற்றிய பேச்சு மேடைகளில் ஓய்வதேயில்லை. ஆனால் வடக்கின் வன்னியில் ஒரு குடும்பத்தின் உரிமை பெரும்பாலும் ஒரு காணி உறுதியிலோ அனுமதிப்பத்திரத்திலோதான் தங்கியிருக்கிறது.

குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்துடன் பகிர்ந்தளிக்கப்பட்டவை. அந்தப் பத்திரம் வழமையாகக் குடும்பத் தலைவன் என்று கொள்ளப்பட்ட ஆணின் பெயரில் இருக்கும். அவர் இறந்தால் காணி மனைவியின் கைக்கு வர வழியுண்டு. அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்வதற்கே அரசு மறுத்தால் அவள் என்ன செய்வாள்? காணாமற்போய் ஓராண்டு கடந்தவர்களின் மரணத்தைப் பதிவுசெய்ய 2010ஆம் ஆண்டில் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. போரின் இறுதி நாட்களில் முல்லைத்தீவு வட்டுவாகலில் கணவனைப் படையினரிடம் தன் கண்முன்னே ஒப்படைத்த ஒரு பெண்ணிடம், “மரணச் சான்றிதழை எடுங்கோ அம்மா, மற்றதெல்லாம் செய்து தரலாம்” என்று சொல்வது அலுவலருக்கு நல்லெண்ணமாகவே தோன்றியிருக்கலாம். அவளுக்கோ அது, தான் கையளித்த கணவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையைத் தானே கையொப்பமிட்டு விட்டுக்கொடுப்பதாகும்.

இந்தச் சிக்கலுக்காகவே 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் சட்டமாயிற்று. அதே ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்படி காணாமற்போனோர் பற்றிய அலுவலகமும் அமைந்தது. பயனுள்ள ஏற்பாடுகள்தாம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெண்களின் கையிலுள்ள பொலித்தீன் உறையைத் திறந்து பார்த்தால் தெரியும்: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், நல்லிணக்க ஆணைக்குழுவுக்குச் சாட்சியம் அளித்ததற்கான துண்டு, அதன்பின் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க வந்த பரணகம ஆணைக்குழுவின் அழைப்பு, மடிப்பு மடிப்பாக மங்கிப்போன ஒரு புகைப்படம். எல்லாம் அவள் கொடுத்ததற்கான சான்றுகள். பதில் என்று ஒன்றுகூட இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தொடர் போராட்டமும், 2022இல் அமைச்சரவை அறிவித்த ஒரு இலட்சம் ரூபாக் கொடுப்பனவைக் குடும்பங்கள் நிராகரித்ததும் இந்த உறையிலிருந்தே புரிந்துகொள்ளப்பட வேண்டியவை.

காணி இழப்பு தமிழருக்கு மட்டும் உரியதல்ல. எம்மவர் எழுதும்போது இவ்விடத்தில் குரல் தாழ்ந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை முற்றாக வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். புத்தளத்தில் இரண்டு தசாப்தம் கழித்துவிட்டு மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கம் திரும்பியவர்கள், தாம் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றையை வெட்டியபோது காடழிப்பவர்கள் என்று கொழும்பு ஊடகங்களில் பெயர் வாங்கினார்கள். 2017இல் அங்குள்ள மாவில்லுப் பகுதியை வனப் பாதுகாப்பு ஒதுக்கமாக்கும் வர்த்தமானியில் அன்றைய ஜனாதிபதி மொஸ்கோவில் இருந்தபடி ஒப்பமிட்டார். ஊர்க்காரரிடம் ஒரு சொல் கேட்பதற்கு மன்னார் அதைவிடக் கிட்டத்தான் இருந்தது.

சட்டத்தில் காலமும் ஒரு தரப்பாக நிற்கிறது. ஒரு தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு மாறாக ஆண்டுவந்த ஒருவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது ஆட்சியுரிமை விதி. போரால் இடம்பெயர்ந்து ஓடியவர்களின் காணியில் மற்றவர்கள் ஆண்ட காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016இல் விசேட சட்டம் இயற்றப்பட்டது. போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழிந்த பிறகே அது வந்தது.

கடந்த 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியோ கால அவகாசத்தையே கருவியாக்கியது. வட மாகாணத்தின் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. உரிமையாளரில் ஒருவர் தமிழ்நாட்டு முகாமிலும், அவருடைய தம்பி ரொறன்ரோவிலும், உறுதி இடப்பெயர்வின்போது தொலைந்த பெட்டியிலும் இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். எதிர்ப்பு வலுத்ததால் அரசாங்கம் பின்வாங்கியது. உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது.

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தில், அரச காணிக் கொள்கையை வகுப்பதற்கு மாகாணங்களின் பிரதிநிதிகளும் இடம்பெறும் தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. அது இன்றுவரை அமைக்கப்படவில்லை. அதை அமைக்கப் புதிய அரசியலமைப்பும் தேவையில்லை, புதிய வாக்குறுதியும் தேவையில்லை; எங்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் அடுத்து வாய் திறக்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, அது ஏன் இன்னும் இல்லை என்பதே.