மாடி வீடு வாடகைக்கு

2019 ஜூன் மாதம். திருப்பூரில் எங்கள் மாடிப் போர்ஷன் காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கேட்டில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நைஜீரியக்காரர் ஒருவர் வந்து மணி அடித்தார். முப்பது வயது இருக்கும். தோளில் பை, நனைந்து ஒட்டிய சட்டை. வீடு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நேற்றே வேறு ஆளுக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்றேன். யாருக்கும் பேசவில்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார். போகும்போது அந்த அட்டையை ஒரு தடவை பார்த்தார்.

மறுநாள் ஆராதனையில், எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ராகம் தெரிந்த பாட்டு வந்தபோது தன் மொழியில் கூடப் பாடினார். அன்றைக்கு ஆயர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் ஊருக்கு ஆப்பிரிக்க வியாபாரிகள் வருவது புதிதில்லை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சரக்கையும், செகண்ட்ஸ் என்று சொல்லும் குறையுள்ள சரக்கையும் காதர்பேட்டையில் மொத்தமாக எடுத்து, பண்டல் கட்டி, கப்பலில் அனுப்புவார்கள். அவர்கள் கொண்டுவரும் காசை வாங்க யாரும் தயங்குவதில்லை. வீடு என்று வரும்போதுதான் 'நைஜீரியாக்காரன்னா மோசடி, போதை மருந்து' என்ற பேச்சு வரும். நானும் அந்தப் பேச்சைக் கேட்டு, தலையாட்டி, நாலு பேரிடம் சொன்னவன்.

இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தேன். ஒரு லாட்டில் கொஞ்சம் பீஸை உருவிப் பார்ப்போம். ஓட்டை, கறை அளவுக்கு மேல் இருந்தால் லாட்டையே ஒதுக்கிவிடுவோம். துணிக்கு அது சரி. ஒரே நூல், ஒரே மெஷின், ஒரே சாயத் தொட்டி. 20 கோடிப் பேருக்கு மேல் வாழும் ஒரு நாட்டை, செய்தியில் வந்த பத்துப் பேரை வைத்து நான் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன்.

ஆனாலும் மனசு சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு வேதத்தை எடுத்து, என் பக்கம் நியாயம் தேடினேன். கிடைத்தது. தன் உடன் ஊழியர் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் கிரேத்தா தீவாரை 'ஓயாப்பொய்யர்' என்று அவர்களுள் ஒருவனே சொன்னதைப் பவுல் எடுத்துச் சொல்கிறார். அதோடு விடவில்லை, அந்தச் சாட்சி உண்மை என்றும் எழுதுகிறார். அப்போஸ்தலரே ஒரு ஜனத்தை மொத்தமாகச் சொல்லியிருக்கும்போது நான் சொன்னால் என்ன என்று தோன்றியது.

அப்புறம் அதே அதிகாரத்தை மேலிருந்து படித்தேன். தீத்துவை அவர் கிரேத்தாவில் விட்டுவந்ததே ஊர்தோறும் சபையை நடத்தும் மூப்பரை ஏற்படுத்தத்தான். அந்த மூப்பர் குற்றஞ்சாட்டப்படாதவராக இருக்க வேண்டுமாம். அவர்களை எங்கிருந்து எடுப்பது? அந்தக் கிரேத்தர்களிலிருந்துதானே! கடிந்துகொள்ளச் சொல்வதும் அவர்கள் விசுவாசத்தில் ஆரோக்கியம் அடையத்தான். பவுல் அந்தப் பேச்சைத் தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஊரிலும் ஆள் தேடச் சொல்கிறார். நான் அதே பேச்சை வைத்துக் கதவைச் சாத்தினேன். அதுவும் ஒரு பொய்யைச் சொல்லி. அந்தச் சனிக்கிழமை எங்கள் வாசலில் நடந்ததை மட்டும் பார்த்தால், ஓயாப்பொய்யர் என்ற சொல் யாருக்குப் பொருந்தும்?

திங்கட்கிழமை ஆயரிடம் நம்பர் வாங்கி அவரைக் கூப்பிட்டேன். வீடு இன்னும் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். பொய் சொன்னதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இனி வேலைகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அன்றைய சட்டப்படி, வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் வீட்டுக்காரர் அதைத் தெரிவிக்கும் 'படிவம் சி' தாக்கல் செய்ய வேண்டும். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள். லாட்ஜுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. குடியேற்றத் துறையின் இணையதளத்தில் முதலில் வீட்டுக்காரர் தன் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். அதற்கு ஒப்புதல் வந்த பிறகுதான் படிவம் நிரப்ப முடியும். அதனால் ஆள் வருவதற்கு முன்பே அதை முடித்து வைப்பது நல்லது. பாஸ்போர்ட் எண், விசா எண், எந்தத் தேதியில் இந்தியாவுக்கு வந்தார், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், ஒரு புகைப்படம், எல்லாம் கேட்கும். 180 நாளுக்கு மேல் தங்கும் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் அவரும் தனியே பதிய வேண்டும். இவருடையது அந்த வகை இல்லை. இதெல்லாம் 1946-ஆம் வருட வெளிநாட்டவர் சட்டம் இருந்த காலத்தில். 2025-ல் புதிய குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் தெரிவித்தாக வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டோம். அந்த வருடம் பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. மூன்று மாத வாடகை அட்வான்ஸ். எல்லாரிடமும் வாங்கியதுதான் இவரிடமும்.

காகித வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. தெருதான் முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். "ஏனுங்க, நீங்க வேதக்காரங்க, அவரும் வேதக்காரர். உங்களுக்குச் சரி. பொம்பளப் புள்ளைங்க இருக்கற தெருவுங்க, எங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அத்தனை 'ங்க' போட்டு மரியாதையாகச் சொன்னார். எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு அந்தப் பெயர் உண்டு, கொங்கு மரியாதை. வெளியூர்க்காரர்கள் புகழும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். அந்த மரியாதையோடுதான் நானும் சனிக்கிழமை பொய் சொன்னேன்.

அண்ணனிடம் எனக்கு வாதாடத் தெரியவில்லை. என் மச்சானைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. கிணறு கெட்டு, தென்னை பட்டுப்போனது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சமயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என்னைப் பார்த்து, "திருப்பூர்க்காரன் காசுக்குத் தாயவே வித்துப்போடுவான்" என்றார். இலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். நான் சாயப்பட்டறை வைத்ததில்லை. ஆனால் அந்தச் சாயத்துணியைச் செக் பண்ணித்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். அதனால் அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை, அப்படியே ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. அண்ணன் கேட்டுவிட்டு, "பார்த்துக்கங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். அப்புறம் ஆறு மாதம் எங்களிடம் சரியாகப் பேசவில்லை.

குடிவந்தவரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போனில் சத்தமாகப் பேசுவார். அவருடைய ஊரில் அது இரவு ஏழு மணிகூட ஆகாத நேரம். ஒரு நாள் மேலே போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு, மறுநாளிலிருந்து உள்ளறைக்குப் போய்ப் பேசினார். வாடகை ஐந்தாம் தேதி தாண்டாது. அவர் இக்போ இனத்தவர். ஹவுசா, யோருபா என்று அங்கே நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டாம். லாகோஸில் இக்போக்காரர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று பேசுவார்களாம். எங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றியும் அதே பேச்சு உண்டு என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

செப்டம்பரில் ஒரு நாள் பெரிய பண்டல் ஒன்றைக் கீழ் வராந்தாவில் இறக்கி, என்னைக் கூப்பிட்டார். கயிற்றை அறுத்தோம். மேலே இரண்டு அடுக்கு நல்ல டீ-ஷர்ட். நடுவில் கழுத்துப் பட்டி பிய்ந்தது, கை தைக்காதது, எண்ணெய்க்கறை ஏறியது. செக்கிங்கில் நாங்கள் கழித்துப் போடும் சரக்கு. கை தானாகப் பிரித்துப் பிரித்து அடுக்கியது; பாதிக்குமேல் கழிவு. எனக்கு முகம் எரிந்தது. "இந்தியர்கள் இப்படித்தான் என்று உங்கள் ஊரில் சொல்வார்களா?" என்று கேட்டேன்.

"சொல்வார்கள்" என்றார். "ஆனால் இதைக் கட்டியவர் ஒரு கடைக்காரர். போன மாதம் இன்னொரு கடைக்காரர், எண்ணிக்கையில் தப்பிவிட்டது என்று முப்பது பீஸை ஆட்டோவில் கொடுத்தனுப்பினார். அவரிடமும் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருக்கும்."

அப்போதுதான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை வீடு யாருக்கும் பேசப்படவில்லை, உங்களைப் பார்த்ததும் பொய் சொன்னேன் என்று. கையில் அந்தக் கழுத்துப் பட்டி பிய்ந்த சட்டை இருந்தது.

"தெரியும் சார். அட்டை தொங்கியதே" என்றார். கொஞ்ச நேரம் பீஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார். "அன்றைக்கு உங்கள் வீடு நான்காவது. மற்ற மூன்றிலும் கதவே திறக்கவில்லை."

பிறகு, நல்ல பீஸை மட்டும் தனியாகக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். இருட்டும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து கட்டினோம்.