எட்டு போட்டா ஆறுதான் காட்டுதுங்க

போன ஞாயித்துக்கிழமை பல்லடத்துல மாமா வீட்டுக்கு ஒறம்பறையா போயிருந்தேனுங்க, கறிக்கொழம்பு ஊத்தி நல்லா திங்க வெச்சுட்டு அப்பறமா மெல்ல "ஏஞ் சாமி, அந்த கம்ப்யூட்டர கொஞ்சம் பாரேன்"னாரு. தறி ஷெட்டுக்கு பக்கத்து ரூம்ல பாவு கணக்கு, கூலி கணக்கு போடற சிஸ்டம் அது. ரைசன் ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு கெடையாது. 4 ஜிபி ராம், அதாவது வேலை ஓடறப்ப யூஸ் ஆகற மெமரி, பத்தலைன்னு இன்னொரு 4 ஜிபி வாங்கி போட்டிருக்காரு, ஆனா விண்டோஸ் அப்பவும் 4 ஜிபின்னே காட்டுது. கடைக்காரப் பையன் ஏமாத்திட்டான்னு அவருக்கு ஒரே வெசனம்.

விண்டோஸ்ல எது எவ்வளவு மெமரி எடுக்குதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் பாத்தா ரெண்டு ஸ்லாட்ல ஒண்ணுதான் யூஸ்ல இருக்குன்னு போட்டிருக்கு, அதாவது புது ராம மதர்போர்டு கண்டுக்கவே இல்ல. கேபினெட்ட தொறந்தா அடேங்கப்பா, ஒரு தலையணைக்கு ஆகற பஞ்சு. கரண்ட் வயர புடுங்கிட்டு, ராம கழட்டி அந்த தங்கக்கலர் பல்ல பென்சில் ரப்பர்ல தேச்சு, ஸ்லாட்ட பிரஷ்ல தட்டி, கிளிப் டக்குனு விழற வரைக்கும் அமுத்துனேன். பயாஸ்ல, அதான் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கற செட்டிங்ஸ்ல, 8192 எம்பி வந்துருச்சு, 8 ஜிபிதான் அது, 1024-ஆல பெருக்கினா சரியா வரும்.

முடிஞ்சுதுன்னு பாத்தா விண்டோஸ்ல 8 ஜிபி, ஆனா யூஸ் பண்ண முடியறது 5.93 மட்டும்னு வருது. மாமா பக்கத்துலயே நின்னு "பாத்தியா, ரெண்டு கொறையுது"ங்கறாரு. இங்கதான் நான் ஒரு கூத்து பண்ணேன். எப்பவோ ஒரு வீடியோல பாத்த மாதிரி எம்எஸ்கான்ஃபிக்ங்கற விண்டோஸ் செட்டிங்ஸ் டூலுக்குள்ள போய் பூட் டேப்ல மேக்ஸிமம் மெமரிய டிக் பண்ணி வெச்சுட்டேன், அது விண்டோஸுக்கு இதுக்கு மேல தொடாதன்னு வேலி போடற ஆப்ஷன், மெமரிய ஏத்தாது. ஒண்ணும் மாறல, மரியாதையா டிக்க எடுத்துட்டேன். நீங்களும் அத தொடாதீங்க.

டாஸ்க் மேனேஜர்லயே கீழ ஹார்ட்வேர் ரிசர்வ்டு, அதாவது ஹார்ட்வேருக்குன்னு ஒதுக்குனது, 2.1 ஜிபின்னு இருந்துச்சு, மொதல்லயே அத பாத்திருக்கணும். தனி கார்டு இல்லாததால ப்ராசஸருக்குள்ள இருக்கற கிராபிக்ஸ் நம்ம ராம்லயிருந்தே பங்கு எடுத்துக்குது. பயாஸ்ல யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்னு ஒண்ணு, கிராபிக்ஸுக்கு எவ்வளவு ராம் ஒதுக்கணும்ங்கற செட்டிங், 2 ஜிபில இருந்துச்சு, 512 எம்பி ஆக்குனேன், யூஸ் பண்ண முடியறது 7.43 ஆயிருச்சு. கேம் ஆடறவங்க கொறைக்க வேண்டாம், கூலி கணக்குக்கு இது தாராளம்.

மாமாவுக்கு இத எப்படி சொல்றதுன்னு ரோசனை பண்ணி, "நூல் மூட்டை எடை போடறப்ப சாக்கு, கோன் அட்டை எல்லாம் கழிப்பீங்கல்லங் மாமா, அந்த மாதிரி"ன்னேன், டக்குனு புரிஞ்சுக்கிட்டாரு. ஆனா விடல, டாஸ்க் மேனேஜர்ல ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் இருக்கற எம்பிய எல்லாம் நோட்ல கூட்டி, மொத்த கணக்கோட ஒத்துவரலைன்னாரு, தறிக்காரர் கணக்குன்னா சும்மாங்களா. வராதுங்க, விண்டோஸும் டிரைவரும் தனக்குன்னு வெச்சுக்கறது அந்த லிஸ்ட்ல தெரியாது. முழுசா பிரிச்சு பாக்கணும்னா மைக்ரோசாஃப்ட்டோட ராம்மேப்ங்கற டூல் ஓசியிலயே கெடைக்குது.

நேத்து போன் பண்ணி "பஞ்சு உள்ள போகாம இருக்க கம்ப்யூட்டர் மேல சாக்கு போட்டு நல்லா மூடி வெச்சுட்டேன் சாமி"ங்கறாரு. ஓடறப்பவும் மூடியேதான் இருக்காம், சூடு வெளிய போகாதே. நாளைக்கே மறுபடி பல்லடம் கெளம்பணும்.