வாசலுக்குள் போகாத தேர்

எங்கள் மரவேலை ஆசிரியர் காலமான செய்தி கடந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தபோது, நான் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தின் பின்வாசலில் நின்று அதன் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த இளைஞன், "அண்ணை, போன கிழமையும் இஞ்ச வந்து அளந்தனாங்கள்தானே" என்றான். ஒரு கிழமைக்குள் வாசல் மாறிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக மணவறை கட்டும் தொழிலில் இருந்தும், எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் வாசலை அளக்காமல் என் கைகள் வேறு வேலைக்குப் போவதில்லை. அதன் காரணம் 1992இல் என்னோடு உயர்தரம் படித்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிவிழா மலருக்கு ஏதாவது எழுதும்படி எங்கள் பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, மற்றவர்களுக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சேர் என்று நாங்கள் அழைத்த அந்த ஆசிரியர் அதிகம் பேசுபவர் அல்லர். ஒன்பதாம் வகுப்பில் அவர் எங்களுக்குத் தந்த முதல் வேலை பட்டம் கட்டுவது. அவருடைய சொந்த ஊர் வல்வெட்டித்துறை. தைப்பொங்கலன்று கடற்கரை முழுவதும் பட்டம் ஏறுகிற ஊர். விரும்பிய வடிவில் கட்டலாம், ஆனால் ஏறாத பட்டத்துக்குப் புள்ளி இல்லை என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. நான் ஐந்து தலை நாகம் ஒன்று கட்டினேன். விளையாட்டுத் திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டு ஓடியும் அது தரையை விட்டு எழவில்லை. தலைகளைக் குறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையை அவிழ்த்து, ஒரு விரற்கடை மேலே தள்ளிக் கட்டி, வாலில் ஒரு முழத் துணியைச் சேர்த்துத் திருப்பித் தந்தார். ஐந்து தலையோடும் நாகம் ஏறியது. அவர் தலைகளில் கைவைக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு நாட்டில்தான் அது நினைவுக்கு வந்தது.

மரம் சரியில்லை, ஆணி இல்லை என்று நாங்கள் முறையிடும்போதெல்லாம் அவர் அன்னபூரணியைப் பற்றிச் சொல்வார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து, 1938இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததைச் சொல்லிவிட்டு, "அதைக் கட்டினவையும் உங்களை மாதிரித்தான் கையில இருந்ததை வைச்சுக் கட்டினவை" என்று முடித்துக்கொண்டு சீவுளியை மீண்டும் எடுப்பார்.

1992இல் கையில் இருந்தது மிகக் குறைவு. யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றரி, சவர்க்காரம் எல்லாமே அருமையாகிவிட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் படித்தோம். அந்த நிலையில் கலைவிழாவுக்குப் பாரியின் கதையை நாடகமாக்குவதென்று தீர்மானித்தோம். அரங்கப் பொருள்கள் என் பொறுப்பு. முல்லைக்குக் கொடுத்த தேரைத் திரையில் எழுதிக் காட்டினால் போதும் என்றார்கள் எல்லோரும். நான் உண்மையான அளவில் ஒரு தேர் மேடையில் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நாட்டில் எதுவுமே இல்லாத ஒரு காலத்தில், கொடுப்பதற்குப் பெரிதாக ஏதாவது ஒன்றை மேடையில் காட்ட வேண்டும் என்று பதினெட்டு வயதில் எனக்கிருந்த ஆசையை இன்றும் நான் தவறென்று எண்ணவில்லை.

வேப்பமரத்தடியில் ஐந்து வாரம் வேலை நடந்தது. கமுகஞ் சலாகையில் கூடு, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பழைய கொப்பித் தாள்கள். ஒட்டுவதற்குக் கோதுமை மா கிடைக்காததால் புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சிய பசை. நிறங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் கரியும் உடுப்புக்குப் போடும் நீலமும். ஆணிகளைப் பழைய பலகைகளிலிருந்து பிடுங்கிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினோம். சேர் நாளுக்கு ஒருமுறை வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தேரைச் சுற்றி நடப்பார். இரண்டு தடவை, "தம்பி, எல்லாம் அளந்தாச்சோ?" என்று கேட்டார். இரண்டு தடவையும், "அளந்தாச்சு சேர்" என்றேன். தேரை அளந்திருந்தேன், மேடையின் நீள அகலத்தையும் திரை தொங்கும் உயரத்தையும் அளந்திருந்தேன்.

விழாவுக்கு முதல்நாள் பின்னேரம், தேரை மண்டபத்துக்குத் தூக்கிச் சென்றோம். ஒத்திகைக்காக வந்திருந்த மகளிர் கல்லூரி மாணவிகளும் ஆசிரியைகளும், அதிபரும், விடுதி மாணவர்கள் எல்லோரும் வழிநெடுக நின்றார்கள். தேர் வாசலில் நின்றது. நிமிர்த்தினால் முடி இடித்தது. சரித்தால் சில்லுகள் இடித்தன. முன்னும் பின்னுமாகக் கால் மணித்தியாலம் முயன்றோம். நிலையைப் பெயர்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அதிபர் முடியாதென்று சொல்லிவிட்டார். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாசலை அளந்தனியோ?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் மரவேலை அறைக்குப் போய் மரம் அறுக்கும் வாளை எடுத்து வந்து என் கையில் தந்து, "நீயே வெட்டு" என்றார். அத்தனை பேர் முன்னிலையில், ஐந்து வாரம் கட்டியதை, அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்ட இடங்களில் நான் வெட்டினேன். கண்ணீரில் கோடு தெரியாமல் போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வாளைக் கோட்டுக்குத் திருப்பினாரே தவிர, வாளை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பின்னேரத்துக்காகப் பல காலம் அவரை நான் மன்னிக்கவில்லை என்பதை, அவர் உயிரோடு இல்லாத இந்த வேளையில், மறைக்காமல் எழுத விரும்புகிறேன்.

அன்றிரவு எல்லோரும் போனபின் அவரும் நானும் மட்டும் இருந்தோம். ஹெலிகொப்டர் இரைச்சல் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் காத்திருந்தோம். அது போனபின் மீண்டும் ஏற்றினோம். ஐந்து துண்டுகளின் ஓரங்களுக்கும் அவர் சட்டம் வைத்தார். ஒன்றில் துளையும் மற்றதில் கழுந்தும் எடுத்து, பனை வைரத்தில் சீவிய ஆப்பால் இறுக்கினால் அசையாது நிற்கும். ஆப்பைத் தட்டிவிட்டால் கழன்று வரும். நல்லூரில் தேருக்கு முதல்நாள் இழுக்கிற சப்பறம் கோபுரம்போல உயர்ந்து நிற்பதை நாமெல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். தம்முடைய ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் சப்பறம் கட்டுபவர்கள், கட்டும்போதே எப்படி அவிழ்ப்பது என்று யோசித்துத்தான் முதல் முடிச்சைப் போடுவார்கள் என்றார் அவர். முல்லைக்கு ஒரு கொழுகொம்பு நட்டாலே போதுமே, தேர் எதற்கு என்று தமிழ்ப் பாடத்தில் நாங்கள் கேட்டதையும், அதற்குப் பெயர்தான் கொடைமடம் என்று தமிழாசிரியர் விளக்கியதையும் அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "கொம்பு நட்டிருந்தாலும் முல்லை பிழைச்சிருக்கும். ஆனா இவ்வளவு காலத்துக்கு ஒருத்தரும் பாரியைப் பற்றிக் கதைச்சிருக்க மாட்டினம்" என்றார்.

வெட்டுத் தெரியுமே என்று நான் கேட்டபோது, தேரின் ஒரு பக்கத்தில் மட்டும் படரவிட நான் செய்து வைத்திருந்த கடதாசி முல்லைக் கொடியை எடுத்து, வெட்டுகள் ஓடிய வழியெல்லாம் சுற்றிவிட்டார். மறுநாள் திரை விலகியபோது மண்டபம் அமைதியானது. தேரைக் கொடி எல்லாப் பக்கமும் பற்றிப் படர்ந்திருந்ததால், பாரி அதைக் கொடுக்கவில்லை, முல்லையே எடுத்துக்கொண்டுவிட்டது போல இருந்தது. நான் முதலில் வரைந்த தேர் வாசலுக்குள் போயிருந்தால் அது அவ்வளவு அழகாக நின்றிருக்காது.

இடையில் நடந்தவை உங்களுக்கும் நடந்தவையே. 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் செம்மணி வழியாக வெளியேறிய சனத்தில் நாங்களும் இருந்தோம். பிறகு வன்னி, கொழும்பு, கனடா. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, நிலக்கீழறையில் ரெஜிபோம் என்கிற நுரைப்பலகையை வெட்டி மணவறைகள் செய்யத் தொடங்கினேன். மூன்றாம் ஆண்டில், மாலை மாற்றும் நேரத்தில் சிறகு விரிக்கும் இரண்டு அன்னங்களை ஒரு குடும்பத்துக்கு வாக்களித்தேன். இம்முறை வாசலை அளந்திருந்தேன். ஆனால் மணவறைக்கு நேர்மேலே தொங்கிய சரவிளக்கை அளக்கவில்லை. பாதி விரிந்த சிறகுகள் அதில் தட்டி நின்றன. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் தாயார் அழுததை மட்டும் எதைக் கொண்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதன்பிறகு நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். இந்தத் தொழிலில் மதிய விருந்தினர் எழுந்து போனபின் மாலைக் கலியாணத்துக்கு மண்டபத்தினர் தருவது மூன்று மணித்தியாலம்தான். வாசல்கள் பெரும்பாலும் அவ்வளவு உயரமாக இரா. துணிகள் எளிதில் தீப்பற்றாதவையாக இருக்க வேண்டும்; ஓமத்துக்குத் தீ வளர்ப்பதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி, எட்டுத் தூண்களும் நான்கு வளைவுகளும் கொண்ட சில தொகுதிகளைச் செய்து, துணியின் நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கட்டினேன். நட்டம் நின்றது. வீடு வாங்கினேன். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். அந்த வருமானத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். அகதியாக வந்தவனுக்கு மாத முடிவில் கணக்குச் சரியாக வருவதும் ஒரு பெரிய கனவுதான்.

சேரோடு வைபரில் பேசத் தொடங்கியபின், பெருமையோடு நாற்பது மணவறைகளின் படங்களை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாட்களின்பின் குரற்பதிவு ஒன்று வந்தது. "எல்லாம் வடிவாய் இருக்கு தம்பி. எல்லாம் வாசலுக்குள்ளால போகும். அதுதான் எனக்குக் கவலையாயிருக்கு."

அந்தப் பதிவைப் பலமுறை கேட்டேன். அன்றுதான் ஐந்து தலை நாகம் நினைவுக்கு வந்தது. வேலையில் நட்டம் என்று நான் எண்ணியிருந்தது அன்னத்தை, உண்மையான நட்டம் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இருந்தது. அவர் ஒருபோதும் என் தேரைச் சிறிதாக்கச் சொன்னதில்லை. எங்கே கழற்றிப் பூட்டுவது என்று முதலிலேயே யோசிக்கத்தான் சொன்னார். அதன்பின் ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, யாருமே கேட்காத ஒரு மணவறைக்கென்று ஒதுக்குகிறேன். முதலாவது, மாலை வெளிச்சத்தில் நிற்கும் ஒரு பனங்கூடல். அதன் செலவு முழுவதையும் ஒரே குடும்பத்தின் தலையில் கட்டினால் யாராலும் தாங்க முடியாது. ஏழு கலியாணங்களில் போட்ட முதல் திரும்பும் என்று கணக்கிட்டு வாடகையை வைத்தேன். இருபத்திரண்டு துண்டுகளாகக் கழலும். ஒவ்வொரு துண்டும் இருவர் தூக்கும் நிறை. முதல் எட்டு மாதம் ஒருவரும் கேட்கவில்லை. இன்று அது கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பலர் தங்கள் திகதியை மாற்றிக்கொள்கிறார்கள்.

2017இல் ஊருக்குப் போனபோது, சேரும் நானும் கல்லூரிக்கு நடந்து சென்றோம். 1996இல் அவர் திரும்பி வந்தபோது மரவேலை அறைக்குக் கூரை இருக்கவில்லையாம். பரணில் வைத்த தேரும் இல்லை. அதன் ஒரு சில்லு மட்டும், அயலில் குடியிருந்த குடும்பமொன்றின் கோழிக்கூட்டுக்குக் கதவாக நின்றதைக் கண்டாராம். கேட்டு வாங்கவில்லையா என்றேன். "அளவு சரியாய் இருந்தது" என்றார். அந்த அறை இப்போது கணினி அறை. அதன் வாசலில் நின்றபோது, "உங்களில ஒருத்தன் நிண்டிருந்தால் பட்டறை நிண்டிருக்கும்" என்று, யாரையும் குறைசொல்லும் குரலில் அல்லாமல், சீவிய பலகையைத் தடவிப் பார்ப்பவரைப் போலச் சொன்னார். நான் காற்சட்டைப் பையில் இருந்த அளவுநாடாவைப் பிடித்தபடி நின்றேன். புறப்பட்ட நாளில் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் நான் புறப்பட்டேன் என்பது இருவருக்கும் நினைவிருந்தது.

செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அவருடைய மகள் தொலைபேசியில் பேசினார். அப்பாவின் ஆயுதப்பெட்டி வீட்டில் இருக்கிறது, உளிகளும் சீவுளிகளும் அப்படியே இருக்கின்றன, அனுப்பிவிடவா, அல்லது கல்லூரியில் யாராவது கேட்பார்களா என்றார். கல்லூரியில் இப்போது யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே கொண்டுவந்துவிடும்படி சொல்லவும் வாய் வரவில்லை. உப்புக் காற்றில் துருப் பிடித்துவிடாமல், மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூசி வைக்கும்படி மட்டும் சொன்னேன்.