புகையில்லாமல் ஒரு மணச் சிற்பம்

மணத்தால் சிற்பம் செய்யப்போகிறேன் என்றதும், சாம்பிராணி போடுவாயா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். போடுவதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தேன். புகை கண்டால் 2009 இறுதிப்போர் நினைவுக்கு வந்து நெஞ்சு படபடக்கும் மனிதர்கள் இலங்கையின் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். கோயிலில் விரும்பிப்போய் முகரும் புகை வேறு, காட்சி வைக்கும் இருண்ட கொட்டிலுக்குள் திடீரென்று வந்து சூழும் புகை வேறு. தீயை விட்டு நீரை நம்பினேன். முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் நாட்டில் இது பெரிய துணிச்சலும் அல்ல.

கருவைத் தந்தவர் திருமூலர். பூவுக்குள் கந்தம் பொருந்தியிருப்பதுபோல் சீவனுக்குள் சிவமணம் பூத்தது என்கிறார். பூவை இதழ் இதழாகப் பிய்த்தாலும் மணம் இருக்கும் இடத்தைக் காட்ட முடியாது. என் சிற்பத்திலும் மணம் மேலே பூசியதாக இருக்கக்கூடாது, உடம்பிலிருந்தே வரவேண்டும் என்று விரும்பினேன்.

அதற்கு மண்தான் சரி. கோடையில் செடிகொடிகள் வெளிவிடும் எண்ணெய்ப்பசையைக் காய்ந்த மண் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஈரம் பட்டதும் அது வெளிவருகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற மணப்பொருளும் அதோடு சேர்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் சுட்ட மண்ணைச் செப்புப் பானையில் நீரோடு காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்கி மழைமண் அத்தரே செய்கிறார்கள். என்னிடம் செப்புப் பானையும் இல்லை, சந்தன எண்ணெய் வாங்கப் பணமும் இல்லை. சுட்ட மண்ணையே மணம் கசியும் பாத்திரமாக்கினேன்.

கிளிநொச்சிப் பக்கத்துக் குளத்து மண்ணைக் காயவைத்து, இடித்து, அரித்து, உமி கலந்து பிசைந்தேன். சூளையில் உமி எரிந்துபோக, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். இடுப்புயரக் குடங்களாக வனைந்தோம். சுடுவதற்கு முன் குயவர் ஐயா ஒவ்வொரு குடத்திலும் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கன்னத்தில் குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சூளையில் வெடித்துவிடும் என்று ஒதுக்கிவைத்தார். எந்தக் கருவியையும்விட அந்தக் கன்னத்தை நம்புகிறேன்.

குடத்தின் அடியில் வெட்டிவேர்க் கட்டு, அதன்மேல் தண்ணீர். மகிழம்பூ காய்ந்தாலும் மணக்கும், ஆனால் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் சரமாகக் கோத்து மேலே கட்டினேன். தண்ணீர் சுவரில் கசிந்து வெளிப்புறம் கறுக்கத் தொடங்கும்போது மண்ணும் வேரும் சேர்ந்து மணக்கும்.

உண்மையான பாடு காற்றோடுதான். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தால் திறந்த கொட்டிலில் எந்த மணமும் நிற்காது. தென்மேற்குப் பக்கம் கிடுகை இரண்டடுக்காகக் கட்டி, வாசலை எதிர்ப்பக்கம் வைத்தேன். மூக்கு ஒரு மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும், பிறகு அது தெரியாது. ஆகவே குடங்களுக்கிடையில் ஒன்றுமே மணக்காத வெறும் மணல்வெளி விட்டேன். போத்தலில் விற்கும் வாசனைத் திரவியத்தைக் கொஞ்சம் ஊற்றினால் நன்றாக எடுக்குமே என்று சிலர் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். குடம் தானாக மணக்காவிட்டால் செய்ததற்கே பொருளில்லை.

வந்தவர்களில் வயதானவர்கள்தான் அதிகநேரம் நின்றார்கள். ஓர் அம்மா குடத்தில் நெற்றியை வைத்து, இது எங்கள் பழைய வளவின் கிணற்றடி என்றார்.

மாரியில் காற்றில் ஈரம் ஏறினால் நீர் ஆவியாவது குறைந்துவிடும் என்பதால் காட்சியைப் புரட்டாதிக்குள் முடித்துக்கொண்டேன். குடங்களை வெயிலில் உலர்த்திக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்த கோடையில் தாழம்பூவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.