அப்பாவின் நாடித்துடிப்பும் ஐவாபிரடின் மாத்திரையும்

மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்த பிறகு அப்பாவுக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் ஈஎஃப் 30 சதவீதம். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இந்த ஈஎஃப். நல்ல இதயத்தில் 55க்கு மேல் இருக்கும். இதய செயலிழப்பு என்று சொல்லி வரிசையாக மாத்திரைகள் தொடங்கினார்கள். கால் வீக்கம் வடிந்தது, படுத்தால் வரும் இருமல் குறைந்தது. ஆனால் நாடித்துடிப்பு மட்டும் இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 88.

துடிப்பைக் குறைக்க முதலில் கொடுப்பது பீட்டா பிளாக்கர் வகை. அப்பாவுக்கு பிசோப்ரோலால் 2.5 மி.கி. ஓடிக்கொண்டிருந்தது. 5 ஆக்கியதும் பிரஷர் 90க்கு வந்து தலைசுற்றல். போதாததற்குப் பழைய வீசிங் வேறு தலைகாட்டியது. மறுபடி 2.5க்கே இறக்கினார்கள். இந்த இடத்தில்தான் டாக்டர் ஐவாபிரடின் பற்றிப் பேசினார்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த எல்லாக் கட்டுப்பாடுகளும் அதிலிருந்துதான் வருகின்றன. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைப்பது அதுதான். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்தச் செல்களுக்குள் மெல்ல ஒரு மின்னோட்டம் ஏறும். ஐவாபிரடின் அந்த மின்னோட்டம் நுழையும் வாசலை அடைத்து, ஏற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. வேலை அவ்வளவுதான். பிரஷரை இறக்காது, தசையின் சுருங்கும் பலத்தைக் குறைக்காது, மூச்சுக்குழாயைத் தொடாது. அப்பாவுக்கு இருந்த தடைகள் மூன்றும் இதில் இல்லை.

"துடிப்பு குறைஞ்சா ரத்தம் கம்மியாப் போகாதா சார்?" என்று கேட்டேன். இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம், குறிப்பாக இடது கீழறைக்கு, பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் போகிறது என்றார். வேகமாகத் துடித்தால் சுருங்கும் நேரம் அதிகம் மாறாது, தளரும் நேரம்தான் பறிபோகும். அறை நிறைய நேரமில்லை, தசைக்கும் ரத்தம் போதாது. அப்பா உடனே, "கேணியில தண்ணி ஊறறதுக்கு முன்னாடியே மோட்டாரப் போட்ட மாதிரி" என்றார். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

2010இல் ஷிஃப்ட் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. 37 நாடுகளில் 6,500 நோயாளிகள். ஈஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ், துடிப்பு 70 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். மற்ற மருந்துகளோடு இதையும் எடுத்தவர்களில் 100க்கு 16 பேர் இதய செயலிழப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21 பேர். ஐந்து பேர் வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். நள்ளிரவில் மூச்சுத் திணறும் அப்பாவைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர்களுக்கு அது சிறிதல்ல.

எழுதித் தருவதற்கு முன் ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு சைனஸ் கணுவிலிருந்து ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பு இருந்தால் இந்த மாத்திரையால் பயனில்லை. தவிர, இந்த மாத்திரையே சிலருக்கு அந்தக் கோளாறு வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். அதனால் ஒவ்வொரு செக்கப்பிலும் ஈசிஜி உண்டு. சாதாரணமாக 5 மி.கி.யில் தொடங்குவார்கள். 75 வயது தாண்டியவர் என்பதால் அப்பாவுக்கு 2.5 மி.கி., காலையும் இரவும், சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் வேண்டாம். கிருத்திகை விரதத்தன்று பலகாரம் சாப்பிடும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். ஒரு வேளை விட்டுப்போனால் விட்டதுதான், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

அதற்குப் பிறகு வீட்டில் எங்கள் வேலை எண்ணுவது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இருந்தது. ஆனால் அப்பாவின் விரல் காலையில் ஜில்லென்று இருக்கும், எண் 70, 94, 61 என்று தாவும். நர்ஸ் அக்கா கையால் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரலின் நேர்கீழே, மணிக்கட்டு எலும்புக்கு உட்பக்கத்துப் பள்ளத்தில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், வைத்தால் போதும். நம் கட்டைவிரலை வைக்கக்கூடாது, அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவதும் வேண்டாம், முழு நிமிடமும் எண்ண வேண்டும். நடுவில் ஒன்று தவறுகிறதா, தாளம் மாறுகிறதா என்பது அப்போதுதான் விரலுக்குத் தெரியும். எண்ணுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், காபிக்கு முன்னால் பார்க்க வேண்டும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் அதே கட்டத்துக்குள் அம்மா அந்த எண்ணையும் எழுதத் தொடங்கினார். 84, 82, 78. ஒரு நல்ல செய்தி மாதிரி தினமும் அதைப் பார்ப்போம். 50க்குக் கீழே போனாலோ, தலைசுற்றல், மயக்கம், அசதி வந்தாலோ உடனே போன் செய்யச் சொல்லியிருந்தார்கள். பிறகு 5 மி.கி. ஆக்கியதும் 64 வாக்கில் நின்றது. 88க்கும் 64க்கும் ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 34,560 துடிப்பு குறைவு.

கண் விஷயம்தான் எங்களை அதிகம் கலங்கடித்தது. விடியற்காலை இருட்டில் எழுந்து சமையலறை டியூப் லைட்டைப் போட்டதும், பார்வையின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்ச வளையம் தெரிவதாக அப்பா சொன்னார். சில நொடியில் போய்விடும். கண்புரை ஆபரேஷன் கெட்டுப்போனதோ என்று நடுங்கிவிட்டார். டாக்டரைக் கேட்டபோது, மாத்திரைதான் காரணம் என்றார். சைனஸ் கணுவில் அது அடைக்கிற வாசலைப் போன்ற ஒன்று விழித்திரையிலும் இருக்கிறதாம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குச் சட்டென்று மாறும்போது இப்படித் தோன்றும். 100 பேரில் சுமார் 14 பேருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள். கண்ணைக் கெடுக்காது, பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இதை மாத்திரை கொடுக்கும் அன்றே சொல்லியிருந்தால் எத்தனை நிம்மதியாக இருந்திருக்கும்! பயந்துபோய் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அப்பா இருட்டிய பிறகு டிவிஎஸ் 50 ஓட்டுவதை விட்டார். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் இந்த நேரத்தில் ஆபத்து.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை வந்து ஒரு கிளினிக்கில் காட்டினார். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை, இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருந்துக்கடைத் தம்பிக்கு அப்பாவின் மாதச் சீட்டு பழக்கம். "அக்கா, இதை இதய டாக்டர்கிட்ட கேக்காமத் தராதீங்க" என்றார். ஐவாபிரடினை உடலிலிருந்து கழிக்கும் ஈரல் நொதியை இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை முடக்கிவிடும். ரத்தத்தில் மாத்திரையின் அளவு ஏறி, துடிப்பு ஆபத்தாக இறங்கலாம். இட்ராகோனசோல் இதய செயலிழப்பு உள்ளவர்களுக்கே ஆகாத மருந்து என்பது தனி. பூசும் களிம்போடு முடித்துக்கொண்டோம். இத்தனை பேர் படர்தாமரைக்கு மாத்திரை வாங்கும் நம் ஊரில் அந்தத் தம்பி சொன்ன வார்த்தையின் மதிப்பு எனக்குத்தான் தெரியும். கிரேப்ஃப்ரூட் சாறும் இதே காரணத்துக்காக வேண்டாம். அதே இனம் என்பதால் பம்பளிமாஸையும் தவிர்த்துவிட்டோம்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு நடந்தால் நெஞ்சுவலி. அப்பா தேறியதைப் பார்த்து அந்த மாத்திரை பெயரைக் கேட்டார். இது நெஞ்சுவலிக்கும் கொடுக்கிற மருந்துதான். ஆனால் மாமா சாப்பிடுவது டில்டியாசெம், அதுவும் துடிப்பைக் குறைக்கும் மருந்து. அதோடும் அதே மாதிரி மருந்தான வெரப்பமிலோடும் ஐவாபிரடின் சேரக்கூடாது. துடிப்பு 70க்குக் கீழே இருப்பவருக்கு நெஞ்சுவலிக்கென்று இதைத் தொடங்குவதும் இல்லை. 2014இல் வந்த சிக்னிஃபை ஆய்வில், இதய செயலிழப்பு இல்லாத ரத்தக்குழாய் நோயாளிகள் 19,000 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ இதய மரணமோ குறையவில்லை, வலி அதிகம் இருந்தவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடியது. வலி வந்த நேரத்தில் போட்டு அடக்கும் மாத்திரையும் இது இல்லை, அதற்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்தான். மாமாவை அவருடைய டாக்டரிடமே கேட்கச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது அப்பா வாய்க்கால் கரை வரை நின்று நிதானித்துப் போய் வருகிறார். அவர் சட்டைப் பையில் மாத்திரைப் பெயர்களை எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. பல் டாக்டரானாலும் தோல் டாக்டரானாலும் முதலில் அதை நீட்டுவார். அடுத்த எக்கோ பொங்கல் கழித்து.