ட்யூப் மானிட்டரை மாற்றிய மூன்று வாரங்கள்

எங்கள் குடும்பத்துப் பழைய கருப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து, கீறலும் கறையும் நீக்கி எடுத்து வைக்கும் வேலையை நான்கு வருடமாகச் செய்து வருகிறேன். மொத்தம் 312 படங்கள். அதில் 190 முடிந்திருந்தன. அத்தனையும் 2003-ல் வாங்கிய 17 அங்குல ட்யூப் மானிட்டரில் செய்தவை. நடுவில் கம்ப்யூட்டரை இரண்டு முறை மாற்றியும் மானிட்டரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அதன் கருப்புதான் காரணம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், திரையில் கருப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சமே இருக்காது. ட்யூபின் பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை படாத இடத்தில், திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரம் ஒளிராது. கருப்பு வெள்ளைப் படத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் போன வருடத்திலிருந்து, ஆன் செய்தால் தெளிவு வரவே பத்து நிமிடம் ஆகிறது. ஓரங்களில் எழுத்து கலங்குகிறது. பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்தும் மங்கலாகவே இருந்தது. சரி, இனி இழுத்துப் பிடிக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

கடைக்கு ஒரு பென்டிரைவில் மூன்று படங்களை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றும் சாம்பல் நிறம் அதிகமுள்ள படங்கள். வண்ணப் படத்தில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும், சாம்பலில்தான் குணம் வெளிப்படும். கடைக்காரர் பொறுமையாக நான்கு மானிட்டரில் போட்டுக் காட்டினார். நான்குமே தட்டையான எல்.சி.டி (திரவப் படிக) திரைகள். விலை குறைந்த இரண்டும் அதில் டி.என் எனும் வகை. நேராகப் பார்த்தால் குறையில்லை. சற்றே குனிந்து கீழிருந்து பார்த்ததும் முகத்தின் நிழல் பகுதி கருத்துப்போய், சில இடங்களில் நெகட்டிவ் மாதிரி தலைகீழானது. நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே படம் மாறும் என்றால் எதை நம்பித் திருத்துவது? பக்கவாட்டில் பார்த்தாலும் படம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ் வகையில் 24 அங்குலம், 1920×1080, ரூ. 9,400. படத்தை நிமிர்த்திப் பார்க்கத் திரையையே செங்குத்தாகத் திருப்பும் ஸ்டாண்டும் உண்டு. ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்த படங்கள் பெரும்பாலும் நெட்டுக்குத்தானவை என்பதால் அந்த ஸ்டாண்டுக்காகவே அதை எடுத்தேன்.

பழையதை மேஜையிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதன் முதுகு பிடித்திருந்த இடத்தில் இப்போது ஸ்கேனர் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் போனால் யு.பி.எஸ் முன்பு ஆறேழு நிமிடம் தாங்கும். இப்போது இருபது நிமிடத்தைத் தாண்டுகிறது. வசதியைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்.

முதல் இரண்டு நாளும் ஏமாற்றம்தான். பழக்கத்தில் பழைய வி.ஜி.ஏ கேபிளிலேயே இணைத்துவிட்டேன். எழுத்துக்களின் ஓரத்தில் மெல்லிய நடுக்கம். வி.ஜி.ஏ வழியில் வருவது அனலாக் சிக்னல். எங்கே ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை மானிட்டர் ஊகிக்க வேண்டும். கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பொடிக்கட்டப் படம் ஒன்றைத் திரை முழுக்கப் போட்டு ஆட்டோ பட்டனை அழுத்தினால் ஊகம் சரியாக விழும். செய்தேன், பெரும்பாலும் சரியானது. ஆனாலும் ‘ணை’, ‘ளை’ போன்ற சுழி நிறைந்த எழுத்துக்களில் மினுமினுப்பு மிச்சம் இருந்தது.

ஹெச்.டி.எம்.ஐ கேபிள் வாங்கி மாட்டினேன். நடுக்கம் போயிற்று. ஆனால் கருப்பு சாம்பலாகிவிட்டது! அன்றிரவு, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். காரணம் மறுநாள்தான் பிடிபட்டது. கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு, 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை அனுப்ப வேண்டிய வெளிச்ச அளவை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பியிருக்கிறது. டிவி உலகத்தில் 16 என்றால் கருப்பு. என் மானிட்டருக்கோ 16 என்பது அடர்ந்த சாம்பல். டிரைவர் அமைப்பில் முழு அளவு என்று மாற்றியதும் கருப்பு இறங்கியது. தட்டைத் திரையில் கருப்பு வெளிறுகிறது என்று கைவிட நினைப்பவர்கள் முதலில் இந்த ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

ட்யூபின் கருப்பு இதில் வரவே வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்விளக்கு எப்போதும் எரிகிறது. திரவப் படிகம் அதை மறைக்கத்தான் முடியும், அணைக்க முடியாது. இருட்டறையில் மூலைகளில் மெல்லிய ஒளி கசிவது தெரிகிறது. ஆனால் பகலில் கதை வேறு. ட்யூபின் சாம்பல் கண்ணாடி மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் நிழல் பகுதி முழுக்க வெளிறிப்போகும். புதியதில் அப்படி ஆவதில்லை. அறை விளக்கைப் போட்டுக்கொண்டே வேலை பார்க்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டேன், கண்ணுக்கும் அதுதான் சுகமாக இருக்கிறது.

முதல் வாரக் கடைசியில், முடித்து வைத்திருந்த 190 படங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தேன். மனசு விட்டுப்போயிற்று. முகங்கள் பவுடர் அப்பினதுபோல வெளிறியிருந்தன. கருப்புக் கோட்டு சாம்பலாக இருந்தது. செபியா நிறப் படங்கள் எல்லாம் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியது போல.

கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். திரையை அளக்கும் கருவி அவரிடம் உண்டு. கொண்டுவந்து, “அண்ணே, ரெண்டையும் அளந்து பார்த்துருவோம். கண்ணு பழகிடும், இது பழகாது” என்றார். உறிஞ்சு ரப்பரால் ட்யூபின் மேல் ஒட்டி அளந்தோம். வெள்ளை வெறும் 58 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு). வெள்ளையின் சாயலைச் சொல்லும் நிற வெப்பம் 9,000 கெல்வினுக்கும் மேல், எண் கூடக் கூட நீலம் கூடும். அந்தக் காலத்து மானிட்டர்கள் பல 9,300 கெல்வினில்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தன, நான் அதை மாற்றியதே இல்லை. அதாவது வெள்ளை என்று நான் பார்த்தது நீலம் கலந்த வெள்ளை.

நடந்தது இப்போது விளங்கியது. நான் எப்போதும் மூலப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு திரையை ஒப்பிட்டுத்தான் திருத்துவேன். வருடக்கணக்கில் ஓடிய ட்யூப் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடு தளர்ந்துவிடும், பாஸ்பரமும் தேயும். திரை மங்கலாக இருந்ததால் படத்தை வெளுத்தேன். திரை நீலமாக இருந்ததால் படத்தில் மஞ்சள் ஏற்றினேன். திரையின் குறையை எல்லாம் படத்துக்குள் எழுதி வைத்திருக்கிறேன். பிரிண்ட் போட்டால் வெளிறி வருகிறதே என்று இரண்டு லேபை மாற்றியிருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

புதிய திரையையும் அளந்தோம். பெட்டியிலிருந்து எடுத்தபடி 238 நிட், அதுவும் என் அறைக்கு மிக அதிகம். அந்த வெளிச்சத்தில் திருத்தினால் இம்முறை படங்கள் இருட்டாகியிருக்கும். 110-க்கு இறக்கி, 6,500 கெல்வின், காமா (கருப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் வளைவு) 2.2 என்று சரிசெய்து, அந்தத் திருத்தத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் புரொபைல் கோப்பும் போட்டுக் கொடுத்தார் தம்பி. இந்த 2.2 எண்ணுக்கும் ட்யூபுக்கும் உறவு உண்டு. மின்னழுத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் இடையே ட்யூபில் இயல்பாக இருந்த வளைவை ஒட்டி வந்ததுதான் அது. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் எஸ்.ஆர்.ஜி.பி என்ற நிறக் கணக்கை முன்வைத்தபோது அன்றைய ட்யூப் மானிட்டர்களைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். திரவப் படிகத்துக்கு அந்த வளைவு இயற்கையில் கிடையாது, அட்டவணை போட்டு நடித்துக் காட்டுகிறது. ட்யூப் வீட்டை விட்டுப் போனாலும் அதன் கணக்கு போகவில்லை என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

இரண்டாம் வாரம் முழுக்க, செய்ததைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், நான் வெளுத்ததற்கு நேர் எதிர்வளைவு ஒன்று வரைந்து, முடித்த படங்களின் மேல் போட்டுப் பார்த்தேன். ஜேபெக் ஆக மட்டும் வைத்திருந்தவற்றில் எந்தச் சாயலில் எத்தனை புள்ளி என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் சீப்புப் பல் மாதிரி ஆகி, கன்னத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கோடு விழுந்தது. ஜேபெக்கின் 8 பிட்டில் 256 சாயல்தான், அதில் ஒரு தடவை இழுத்ததை மறுபடி இழுத்தால் இடைப்பட்ட சாயல்கள் மிச்சம் இருப்பதில்லை. இன்னும் நிறையச் சாயல்கள் தாங்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக வைத்திருந்தவை தப்பித்தன. நல்லவேளையாக, கைபடாத மூல ஸ்கேன் எல்லாப் படத்துக்கும் இருக்கிறது.

இதில் வரிசையும் முக்கியம் என்று இப்போதுதான் உறைத்தது. முதல் இரண்டு வருடம் வெளிச்சத்தைத் திருத்திவிட்டு அப்புறம் தூசி நீக்கினேன். அந்தப் படங்களில் தூசி நீக்கிய உழைப்பும் சேர்ந்து போனது. பின்னால் தூசியை முதலில் நீக்கித் தனியாகச் சேமித்திருந்தேன். அவற்றில் வளைவை மட்டும் புதிதாகப் போட்டால் போதும்.

மூன்றாம் வாரம் அப்பத்தாவின் படத்துக்கு வந்தேன். அப்பத்தா மதுரையில் இருந்தபோது எடுத்தது, கட்டியிருப்பது அடர்ந்த நிறச் சுங்குடிச் சேலை. நூல் கட்டிச் சாயம் ஏற்றுவதால் துணி முழுக்கச் சிறு வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். புதிய திரையில் படத்தைப் பெரிதாக்கியபோது, இடது பக்க மடிப்பில் வரிசை திடீரென்று நின்றுபோனது. மூல ஸ்கேனை அருகில் வைத்துப் பார்த்தேன். அங்கே புள்ளிகள் இருக்கின்றன. தூசி என்று நினைத்து நானே அழித்திருக்கிறேன்.

ட்யூபில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதன் புள்ளி இடைவெளி 0.27 மி.மீ, புதிய திரையின் பிக்சலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் ட்யூபில் கற்றையின் ஓரம் பக்கத்துப் புள்ளிகளிலும் படியும், எல்லாம் ஒரே மென்மையாகத் தெரியும். புதியதில் தூசியின் விளிம்பு கத்தி மாதிரி தெரிகிறது. சுங்குடிப் புள்ளியின் விளிம்பு சாயம் கசிந்து மங்கலாக இருக்கிறது. இரண்டையும் இனிக் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

பழைய மானிட்டர் இன்னும் திண்ணையில் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கேட்டார்கள், கொடுக்கவில்லை. செம்புக் கம்பிச் சுருளுக்காக உடைத்துவிட்டு, ஈயம் கலந்த கண்ணாடியை எங்காவது கொட்டிவிடுவார்களோ என்று பயம். மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து அனுப்பப் போகிறேன்.

நேற்று ராத்திரி வரை 26 படங்கள் மறுபடி முடிந்தன. நாளை ஐந்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் கோபித்துக்கொண்டு விட்டுவந்த அதே லேபில் பிரிண்ட் போடக் கொடுக்கிறேன். அழித்த சுங்குடிப் புள்ளிகளை மூல ஸ்கேனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு வருகிறேன், அப்பத்தாவின் சேலை மடிப்பில் இன்னும் ஏழு புள்ளிகள் பாக்கி.